பண்டிகைக்குப் பண்டிகை பிள்ளைகளுக்குப் புதுத்துணி தேவைதானா?

தக்கலை அம்மா:
கோட்டாறு சவேரியார் திருநாள், கிறிஸ்துமஸ், புது வருசம், அது முடிந்த கையோடு பொங்கல். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் வீட்டுக்குள் துணிக்கடைப் பை வந்துகொண்டேதான் இருக்கும். இந்த வருசம் எங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு புது உடுப்புதான். மற்றதெல்லாம் அக்கா பிள்ளைகளும் நாத்தனார் பிள்ளைகளும் போட்டு, அளவு பத்தாமல் போன நல்ல துணிகள். சொந்தக்காரர்களுக்குக் கோபம், ஆனாலும் நான் பின்வாங்குவதாக இல்லை. ஒரு பருத்தி டீசர்ட்டுக்குச் செடி வளர்ப்பதில் தொடங்கி ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மலிவு விலையில் வருவது பெரும்பாலும் பாலியஸ்டர், அதாவது பெட்ரோலியத்திலிருந்து செய்தது. அதைத் துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை உதிர்கிறது. நாகர்கோவிலைத் தாண்டி ஓடும் பழையாறு மணக்குடியில் கடலில் சேர்கிறது, அந்தக் கடல் மீன்தான் நம் வீட்டுச் சட்டியிலும் வேகிறது. நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள்?

கருங்கல்காரன்:
அக்கா, உங்கள் வீட்டில் எப்படியும் செய்யுங்கள், ஆனால் அதை ஊருக்கெல்லாம் பாடமாக வைக்காதீர்கள். என் அம்மா முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவர். அடுத்தவர் கழித்துப் போட்ட துணியில்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தச் சட்டை யாருடையது என்று அதைப் போட்டுக் கழித்த பையனே வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லுவான். அந்த அவமானம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் நான் உழைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் மண்ணில் உடுப்பு வெறும் உடுப்பு இல்லை. தோள்சீலைப் போராட்டம் நடந்த ஊர் இது. மார்பை மறைக்கத் துணி உடுத்தியதற்காக நாடார் பெண்களைத் தெருவில் வைத்து அடித்தார்கள். 1859 ஜூலை 26-ல், அப்போது நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தது. அப்படி அடிபட்டு வாங்கிய உரிமையில் வந்த பேரப்பிள்ளைகளிடம் போய், புதுசு உடுத்தாதே, பூமி கெட்டுப்போகும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வடசேரி தறிவீடு:
ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. வாங்கவே வேண்டாம் என்று எல்லாரும் முடிவெடுத்தால் முதலில் நிற்பது பெரிய கம்பெனியின் மெசின் இல்லை, எங்கள் தறிதான். கைத்தறிக்குக் கரண்டு வேண்டாம், நல்ல பருத்தி வேட்டியும் துவர்த்தும், அதாவது துண்டும், வருசக் கணக்கில் உழைக்கும், கிழிந்த பிறகும் கைக்குழந்தைக்கு ஆகும். ஆனால் கடையில் கைத்தறி என்று சொல்லி விற்பதில் பாதி எங்கே நெய்தது என்று யாராவது கேட்கிறார்களா? சில வகைச் சேலை, வேட்டி, துவர்த்தையெல்லாம் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. அதையும் மீறி விசைத்தறிச் சரக்கு எங்கள் பேரில் போகிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, வருசத்துக்கு ஒரு துணியாவது எங்களிடம் வாங்குங்கள். நெய்கிறவர் வயிற்றைக் கணக்கில் சேர்க்காமல் பூமியைக் காப்பாற்ற முடியாது.

குலசேகரம் செவிலி:
கைத்தறி நல்லதுதான் அண்ணாச்சி, ஆனால் துவைப்பது யார்? இந்த விவாதத்தில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. கனத்த பருத்தி ரெண்டு நாளானாலும் காயாது, மக்கல் நாற்றம் அடிக்கும், கஞ்சி போட்டு இஸ்திரி போடவும் ஆள் வேண்டும். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவளுக்குக் காலைக்குள் காய்கிற பாலியஸ்டர் சட்டைதான் கைகொடுக்கிறது. இயற்கை வாழ்க்கை என்று ஆண்கள் ஆசையாகப் பேசுகிற பாதி விசயம் கடைசியில் வீட்டுப் பெண்ணின் முதுகில்தான் ஏறுகிறது.

அப்புறம், பழைய துணியை மாற்றிப் போடுவது எங்கள் ஊரில் புதுசு இல்லை. ரப்பர் பால் பட்ட கறை போகவே போகாது, அதனால் பால்வெட்டப் போகிறவர்கள் நைந்த சட்டையும் சாரமும்தான் (லுங்கி) உடுத்துவார்கள். யாரும் அதைப் பெருமையாகவும் பேசுவதில்லை, கேவலமாகவும் பேசுவதில்லை.

உண்மையிலேயே துணி வீணாவது பள்ளி யூனிஃபார்மில். என் மூத்தவள் படிக்கிற தனியார் பள்ளியில் கட்டம் போட்ட துணியை மாற்றினார்கள், ரெண்டு வருசத்தில் மறுபடியும் மாற்றினார்கள். அவளுடைய பாவாடை, சட்டை, கோட்டு எல்லாம் நல்ல நிலையில் அலமாரியில் கிடக்கின்றன. இளையவள் அதே பள்ளிதான், ஆனால் போட முடியாது. துணியும் பள்ளி சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும். வீட்டில் சட்டையை எண்ணிச் சண்டை போடுவதைவிட இதைக் கேளுங்கள்.

மார்த்தாண்டம் தையல்:
அந்த அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. யூனிஃபார்ம் தைத்தே வருசத்தில் பாதி வருமானம் பார்க்கிறவன் நான், மாற்றினால் எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன், அது அநியாயம். நாங்கள் தைக்கும்போது உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம், பாவாடையின் ஓரத்தை நன்றாக மடித்து அடிப்போம், பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டால் போதும். ரெடிமேடில் பிரிக்க ஒன்றும் இருக்காது, மிச்சத் துணியை ஓரத்தோடு வெட்டி எறிந்திருப்பார்கள். வாங்கும்போது உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள், விலையைவிட அதுதான் துணி எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லும். சுத்தப் பருத்தி கிழிந்தால் ஒர்க்‌ஷாப்பிலும் படகிலும் இன்ஜின் துடைக்க வாங்கிப் போவார்கள். இழுத்தால் நீள்கிற லைக்ரா கலந்த பேன்ட்டை யாரும் தொடமாட்டார்கள், எண்ணெயை உறிஞ்சாது.

தக்கலை அம்மா:
கருங்கல் தம்பி, நீங்கள் பட்டதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் நான் சொல்வது தானம் இல்லை. மேலே இருக்கிறவர் கழித்துக் கீழே போடுவது ஒன்று, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது வேறொன்று. என் மகள் போட்ட பட்டுப்பாவாடையை என் அக்கா மகள் போடுகிறாள், அவளுடைய சுடிதார் இங்கே வருகிறது, இதில் யாருக்குத் தலைகுனிவு? புதுசு போட்டால்தான் மதிப்பு என்று பிள்ளை மனசில் பதிந்துவிட்டால், நாளைக்கு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையை அதுவே கேலி செய்யும். உங்களைக் கேலி செய்த பையனுக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

கருங்கல்காரன்:
கடைசியாகச் சொன்னது சரி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பழியை எப்போதும் குடும்பத்தின் தலையிலேயே ஏன் போடுகிறீர்கள்? நொய்யல் ஆற்றைக் கெடுத்தது என் மகனின் கிறிஸ்துமஸ் சட்டையா? திருப்பூர் சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும்படி ஆனது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் அசைந்தார்கள். சட்டம் பிடித்தால்தான் கம்பெனி திருந்தும். வருசத்துக்கு ரெண்டு தடவை துணி எடுக்கிற கொத்தனாரும் வாரம் ஒன்று ஆன்லைனில் வாங்கித் தள்ளுகிறவரும் இந்தப் பேச்சில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

வடசேரி தறிவீடு:
கோர்ட்டு வேண்டும், வாங்குகிறவருக்கும் கண் வேண்டும். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். உள்ளே தைத்துக்கொண்டிருந்தது வெளிநாட்டுக் கடைகளுக்கான மலிவுத் துணி. முந்தின நாளே சுவர் விரிசல் விட்டிருந்தும் வேலைக்கு வரச் சொன்னார்கள். விலை அவ்வளவு குறைவாக இருந்தால் யாரோ ஒருத்தர் கூலியில்தான் அது குறைந்திருக்கிறது. என் அப்பா ஒரு சேலைக்கு வாங்குகிற கூலியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது வெறும் செய்தி இல்லை.

குலசேகரம் செவிலி:
சரி, வேலையைப் பார்ப்போம். பள்ளிக்கு ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். ஐந்து வருசத்துக்கு யூனிஃபார்ம் மாற்றக் கூடாது, எந்தக் கடையிலும் துணி எடுக்கலாம், பத்தாமல் போன யூனிஃபார்மைப் பெற்றோர் கூட்டத்தில் மாற்றிக்கொள்ள ஒரு மேசை போட வேண்டும். இவ்வளவுதான். அதில் பெயர் எழுதி ஒட்ட வேண்டாம், யாருடையது என்று தெரியவே கூடாது. தம்பி சொன்ன விசயத்துக்காகத்தான் அதைச் சேர்த்தேன்.

கருங்கல்காரன்:
எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கும் அதையே எழுதித் தாருங்கள், நாலு பெற்றோரிடம் நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன். கிறிஸ்துமஸ் துணி மட்டும் எங்கள் வீட்டில் புதுசுதான், அதில் மாற்றம் இல்லை. தையல்கார அண்ணன் மார்த்தாண்டத்தில் எங்கே இருக்கிறார்? இந்தத் தடவை ரெடிமேட் வேண்டாம், உள்ளே துணி விட்டே தைக்கட்டும்.