தி.ஜா. பிடியிலிருந்து என் கதை மாந்தர்களை மீட்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கதை எழுதுகிறவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

திருப்பூர் பனியன் கம்பெனியை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து நான் திரும்பத் திரும்பப் படிப்பது, தஞ்சாவூர்ப் பக்கத்துக் காவிரிக்கரை மனிதர்களை எழுதிய தி. ஜானகிராமனைத்தான். விளைவு என்னவென்றால், பீஸ் ரேட்டை (ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலி) குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வரும் என் ஓவர்லாக் டெய்லரம்மா, "என்னமோ போங்கோ, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். அவர் பிறந்து வளர்ந்தது பல்லடம்! "ஏனுங், இது நாயமுங்களா?" என்றல்லவா கேட்டிருக்க வேண்டும். சொல்லை மாற்றிவிடலாம், சரி. பேச்சைப் பாதியில் விட்டு மௌனமாகிற அந்தக் காவிரிக்கரைத் தோரணையை எப்படிக் கழற்றுவது?

சுந்தர ராமசாமிக்குப் புதுமைப்பித்தன் மேல் எவ்வளவு பிரியம் என்பது தெரிந்ததே. 1951இல் அவருக்காக ஒரு நினைவு மலரே கொண்டுவந்தார். ஆனாலும் 1966இல் வந்த 'ஒரு புளியமரத்தின் கதை' முழுக்க சு.ரா.வின் குரல்தான். இடைப்பட்ட வருடங்களில் என்ன நடந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதும் காலத்தில் பிடித்த எழுத்தாளரைத் தொடாமல் இருப்பீர்களா? அதனால் பலன் இருந்ததா? அப்புறம், கொங்குப் பேச்சு காதில் ஏற என்ன படிக்கலாம்? ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' இரண்டும் கைவசம் உள்ளன. வேறு சிறுகதைகள் இருந்தால் சொல்லுங்கள்.

திருப்பூர்க்காரர்கள் யாராவது ஒரு அத்தியாயத்தின் உரையாடலை மட்டும் படித்துத் திருத்தித் தர முடிந்தால் இன்னும் நல்லது. பத்துப் பக்கம்தான் வரும்.