இட்லிப்பூச் செடி: துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடலாமா?

மடிப்பாக்கம் மாடி:
வணக்கம். மொட்டை மாடியில் நான்கு தொட்டிகளில் குட்டை ரக இட்லிப்பூ வைத்திருக்கிறேன். நர்சரியில் மினி எக்சோரா என்று சொல்லிக் கொடுத்தார்கள். வந்த புதிதில் கொத்துக் கொத்தாகச் சிவந்து பூத்தது. இப்போது துளிர் இலைகள் எலுமிச்சை மஞ்சளாக வருகின்றன. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. அடியிலுள்ள பழைய இலைகளின் நிறம் மாறவில்லை. மொட்டு வைப்பதும் குறைந்துவிட்டது.

செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு கலந்த மண். காலை முதல் மதியம் வரை நல்ல வெயில். பக்கத்து வீட்டு மாமி சொல்லி முட்டை ஓட்டுத் தூள் தூவினேன். எப்சம் உப்பும் கரைத்து ஊற்றினேன். பலனில்லை. சத்துக் குறைவுதானே, யூரியா போடலாமா?

உரக்கடைக்காரர்:
யூரியாவைத் தொடாதீர்கள் அம்மா. யூரியா தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). அது குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், அதுவும் நரம்போடு சேர்ந்து. மக்னீசியக் குறைவும் அடி இலையில்தான் தொடங்கும். இந்தச் சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து உருவித் துளிருக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த அதனால் முடியாது. அதனால் இரும்பு கிடைக்காவிட்டால் அடி இலை பச்சையாகவே இருக்க, துளிர் வெளிறும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக அதுதான். எப்சம் உப்பு தருவது மக்னீசியம், அது கேட்காததற்கும் இதுவே காரணம்.

சேலத்துப் பெரியவர்:
எங்கள் வீட்டில் இதற்குத் துருப்பிடித்த ஆணிகளைத் தொட்டியில் புதைத்து வைப்போம். செலவே இல்லாத வைத்தியம்.

உரக்கடைக்காரர்:
ஐயா, மன்னிக்க வேண்டும். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். அந்தத் தொட்டியில் இரும்புக்குப் பஞ்சமில்லை, அதை வேரால் உறிஞ்ச முடியவில்லை என்பதுதான் சிக்கல். மண்ணில் காரம் ஏறினால் இரும்பு கரையாமல் இறுகிவிடும். ஆணியும் அதே கதிதான். மடிப்பாக்கத்து அம்மா, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா?

மடிப்பாக்கம் மாடி:
இருக்கிறது, சுண்ணாம்பு பூசியதுபோல. சமையலறையில் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழிவாக வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிகளுக்கு ஊற்றுகிறோம். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் 900 காட்டுகிறது, ஆர்.ஓ. கழிவு நீர் 1200.

நாகர்கோவில் வேலியோரம்:
எங்கள் ஊரில் இட்லிப்பூவை யாரும் பராமரிப்பதே இல்லை. மழையும் செம்மண்ணும் பார்த்துக்கொள்கின்றன. சென்னைக்காரர்கள் பாவம்.

உரக்கடைக்காரர்:
அவர் கேலி செய்தாலும் சொன்னது சரி. இட்லிப்பூ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான வெட்சி இனம். நல்ல மழை பெய்து சுண்ணாம்பு கரைந்தோடிய, லேசான புளிப்பு மண்தான் அதற்குப் பிடிக்கும். கார அமில அளவு (pH) 5 முதல் 6 வரை இருந்தால் நன்று. 7-ஐத் தாண்டினால் துளிர் வெளிற ஆரம்பிக்கும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். நான்கு பங்கு தண்ணீர் உள்ளே போய், ஒரு பங்கு குடிக்க வந்து, மூன்று பங்கு வெளியேறினால் உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். 900 என்பது 1200 ஆனது அப்படித்தான். அதிலுள்ள சுண்ணாம்பும் கார உப்பும் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மண்ணில் தங்குகின்றன. முட்டை ஓடும் சுண்ணாம்புதான். மாமியிடம் அது தக்காளிக்கு என்று சொல்லிவிடுங்கள். கழிவு நீரை நிறுத்திவிட்டு ஆழ்குழாய்த் தண்ணீருக்கு மாறினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம், 900-ம் இந்தச் செடிக்குக் கூடுதல்தான். ஆர்.ஓ. கழிவைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏ.சி. ஓடுகிறதா? அதன் குழாயில் சொட்டும் தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வருவது, உப்பே கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினால் நான்கு தொட்டிகளுக்குப் போதுமானது சேரும். மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் தொட்டியின் அடித்துளை வழியாக நிறைய ஓடும்படி இந்த நீரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். மேலே தெரியும் முட்டை ஓட்டையும் வெள்ளைப் படிவையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். உரக்கடையில் பச்சைப் படிகமாக இருப்பதை வாங்குங்கள். பழுப்பேறியிருந்தால் வேண்டாம். ஒரு லிட்டர் ஏ.சி. தண்ணீரில் 5 கிராம், சில துளி எலுமிச்சைச் சாறு. மாலையில் துளிர்களில் தெளியுங்கள், முதலில் ஒரு செடியில் மட்டும். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, தொட்டியைத் தள்ளி வையுங்கள். மண்ணில் ஊற்ற விரும்பினால் அன்னபேதி வேண்டாம், இப்போதுள்ள காரத்தில் இறுகிவிடும். இரும்பு இறுகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்து விற்கும் உரங்களில் (கீலேட்) இ.டி.டி.எச்.ஏ. வகைதான் கார மண்ணிலும் கரைந்து நிற்கும். கடையில் எளிதாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை இலையில் தெளிக்க மட்டும் சரி.

சேலத்துப் பெரியவர்:
ஏ.சி. இல்லாதவர்கள் என்ன செய்வது?

உரக்கடைக்காரர்:
கொஞ்சம் கந்தகத் தூளை மேல்மண்ணில் கலக்கலாம் ஐயா. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும், வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஆனால் நாள்தோறும் உப்புத் தண்ணீரே ஊற்றினால் கந்தகம் தோற்றுப்போகும்.

மடிப்பாக்கம் மாடி:
படுக்கையறை ஏ.சி. குழாயின் கீழே வாளி வைத்தோம். தண்ணீரை அளந்தால் மீட்டர் 20-ஐக்கூடத் தொடவில்லை. அன்னபேதியும் இரண்டு முறை தெளித்தாயிற்று. புதிதாக விரிந்த துளிர் பச்சையாக வருகிறது! முன்பு மஞ்சளான இலைகள் அவ்வளவாக மாறவில்லை, வெட்டிவிடலாமா? செடியை உருண்டையாகக் கத்தரிக்கவும் ஆசை.

உரக்கடைக்காரர்:
மஞ்சள் இலைகளை விட்டுவிடுங்கள், அவையும் கொஞ்சம் வெயிலைச் சாப்பிட்டுச் செடிக்குத் தருகின்றன, தானாக உதிரட்டும். உருண்டையாக வெட்டுவது இப்போது வேண்டாம். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும், மாதாமாதம் கத்தரி போட்டால் மொட்டும் சேர்ந்து போகும். ஒரு கொத்து பூத்து வாடியதும் அதன் கீழ் ஒரு கணு விட்டு வெட்டினால் போதும், அங்கிருந்து இரண்டு கிளை வரும். குட்டை ரகம் அதிலேயே அடர்ந்துவிடும்.

எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் இலைக்கு அடியிலோ கணுவிலோ மாவுப்பூச்சி இருக்கலாம்.

மடிப்பாக்கம் மாடி:
எறும்பு ஒரு தொட்டியில் இருக்கிறது. இன்று மாலை புரட்டிப் பார்த்துப் படம் போடுகிறேன்.