லேப்டாப் அடிக்கடி கிராஷ், ஒவ்வொரு தடவையும் வேற வேற நீலத்திரை. ரேமா, விண்டோஸா?

நெய்தல்07

விண்டோஸ் 11, ஐந்து வருடம் ஆன லேப்டாப். போர்டிலேயே சாலிடர் செய்த 8 ஜிபி ரேம், ஸ்லாட்டில் பிறகு சேர்த்த 8 ஜிபி டிடிஆர்4.

பிரச்சினை இரண்டு விதமாக வருகிறது. சில சமயம் நீலத்திரை: ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அப்புறம் பேஜ் ஃபால்ட். வீடியோ எக்ஸ்போர்ட் போடும்போது மட்டும் நீலத்திரை வராமலேயே பட்டென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் எல்லாவற்றுக்கும் கெர்னல்-பவர் 41 என்றுதான் இருக்கிறது. பவர் சப்ளை கோளாறா? ஃபார்மட் அடித்தால் சரியாகுமா?

சர்க்யூட்காரன்

41 காரணம் இல்லைங்க. போன தடவை ஒழுங்கா ஷட் டவுன் ஆகலன்னு, அடுத்த பூட்ல விண்டோஸ் எழுதி வைக்கிற குறிப்பு அது, அவ்வளவுதான். அந்த வரியைத் திறந்து டீடெய்ல்ஸ் டேபில் ‘பக்செக்கோட்’ (நீலத்திரையோட எரர் எண்) என்னன்னு பாருங்க. அங்கே தசம எண்ணாத்தான் இருக்கும். 26 மெமரி மேனேஜ்மென்ட், 10 ஐஆர்க்யூஎல், 80 பேஜ் ஃபால்ட். 0ன்னு இருந்தா விண்டோஸுக்கு எழுதவே அவகாசம் கிடைக்கல: கரன்ட் அறுந்திருக்கணும், இல்லன்னா சூடு, இல்லன்னா உறைஞ்சு போயிருக்கணும். ‘பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்’ 0 இல்லன்னா யாரோ பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சிருக்காங்க.

நீங்க சொல்றதைப் பார்த்தா இது ரெண்டு தனித்தனி கோளாறு. ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஃபார்மட் மட்டும் இப்போ வேண்டவே வேண்டாம். ரேம் கெட்டிருந்தா புது விண்டோஸ் காப்பி ஆகும்போதே ஃபைல்கள் பழுதாகிதான் டிஸ்கில் இறங்கும். விண்டோஸ் ஃபைல்களைச் சரி பண்ற எஸ்எஃப்சி ஸ்கேன், டிஐஎஸ்எம் கட்டளை எல்லாத்துக்கும் இதே கதிதான். முதல்ல ரேம்.

பூட்செக்டர்

டிரைவரையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் ஃபோல்டர் இருக்கிறதா? கிராஷ் ஆகும்போது விண்டோஸ் எழுதும் பதிவுதான் டம்ப். பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் ஃபைல்) அணைத்து வைத்திருந்தால் டம்ப் எழுதப்படாது. அதை ‘சிஸ்டம் மேனேஜ்டு’ என்று மாற்றுங்கள். டம்ப்பை வின்டிபிஜி என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் திறந்து அனலைஸ் கட்டளை கொடுங்கள். எல்லா டம்ப்பிலும் ஒரே வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ மாட்டினால் அதுதான் குற்றவாளி. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர் வந்தால் சந்தேகம் ரேம் பக்கம் போகும். ‘என்டிஓஎஸ்கெர்னல்’ என்று காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல். பழி அங்கே வந்து நிற்பது சகஜம்.

டிரைவர்களைக் கடுமையாகச் சோதிக்கும் டிரைவர் வெரிஃபையரை இந்தக் கட்டத்தில் இயக்காதீர்கள். பூட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலைக்குப் போய்விடலாம்.

சர்க்யூட்காரன்

ரேம் சோதனை இப்படி. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் பண்ணுங்க. பயாஸ்ல எதையாவது மாத்த வேண்டி வந்தா, டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட 48 இலக்க ரெக்கவரி கீயை முதல்ல எழுதி வெச்சுக்குங்க. நாலு பாஸ் (சுற்று) முழுசா ஓடட்டும், ராத்திரி போட்டு விட்டுடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான்; ‘ஒண்ணுதானே’ன்னு விடாதீங்க.

எரர் வந்தா, சார்ஜரைக் கழட்டி, பின்மூடியைத் திறந்து, முதல்ல பேட்டரி கனெக்டரை எடுங்க. அப்புறம்தான் ஸ்லாட் ரேமைத் தொடணும். அதைக் கழட்டிட்டு, போர்டில் சாலிடர் ஆன 8 ஜிபியோட மட்டும் மறுபடி சோதனை. அதில் சுத்தமா இருந்தா, ரேமோட தங்கமுலாம் பல்லை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைச்சு, சாய்வா உள்ளே தள்ளி, ரெண்டு பக்கக் கிளிப்பும் ‘டக்’னு விழுற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. பாதி விழுந்த கிளிப்பாலேயே இப்படி வரும். அப்பவும் எரர்னா, வேற ரேம் ஒண்ணு கடன் வாங்கி அதே ஸ்லாட்ல போட்டுப் பார்த்தாத்தான் கெட்டது ரேமா ஸ்லாட்டான்னு தெரியும்.

பேக்கப் எடுக்கிறதா இருந்தா சந்தேக ரேமைக் கழட்டின பிறகு எடுங்க. கெட்ட ரேம் வழியா காப்பி ஆன ஃபைலை நம்ப முடியாது.

நெய்தல்07

ஸ்லாட் ரேமுடன் எரர் வருகிறது, கழற்றினால் நான்கு பாஸும் சுத்தம். துடைத்து மாட்டியும் எரர். வேறு ரேம் போட்டால் எரர் இல்லை. பட்டென்று அணைந்த தடவைகளில் பக்செக்கோட் 0.

பூட்செக்டர்

அப்படியானால் ரேம் மாற்ற வேண்டியதுதான். வேகம் சாலிடர் செய்ததோடு ஒத்திருக்கட்டும். வேறாக இருந்தால் பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கும், அதனால் கெடுதல் இல்லை.

இனி 0 வரும் பக்கம். சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சென்சார் லாகிங்கை ஓடவிட்டு எக்ஸ்போர்ட் போடுங்கள். அணைந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். சிபியு 100 டிகிரியைத் தொட்டபடியே இருந்தால் சூடுதான். விசிறிக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். காற்று அடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றுங்கள். பக்கத்தில் மெத்தென்று தெர்மல் பேட் இருந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும்; தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிபியுவில் படியாது.

சூடு 70க்குள் இருந்தும் அணைந்தால், பேட்டரியில் மட்டும் ஒரு தடவை, சார்ஜரோடு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் மட்டும் போகிறது என்றால் செல் தளர்ந்திருக்கிறது. டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

சர்க்யூட்காரன்

புது ரேம் போட்டு மெம்டெஸ்ட் பாஸ் ஆன பிறகு டிஐஎஸ்எம் ரீஸ்டோர்ஹெல்த், அதுக்கப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், இந்த வரிசையில் ஓட்டுங்க. முடிஞ்சதும் ஷட் டவுன் இல்லாம ரீஸ்டார்ட் கொடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் பூட் ஆக கெர்னலை டிஸ்கில் சேமிச்சு வைக்கிற வசதி) இருந்தா ஷட் டவுன்ல கெர்னல் புதுசா ஏறாது.