ஆடியோ செயலிகள்: மெனுவில் அடுக்குவதா, தேடி எடுப்பதா?

வைகைமணல்:
திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு வாசகசாலையில் பாட்டிமார்களின் தாலாட்டு, ஒப்பாரியைப் பதிவு செய்து தொகுக்கிறோம். இருப்பது மூன்று பழைய லேப்டாப். மூன்றிலும் லினக்ஸ்தான், டெஸ்க்டாப் (திரைமுகம்) மட்டும் வேறு வேறு: ஒன்றில் க்னோம், ஒன்றில் கேடிஈ, ஒன்றில் சின்னமன். ஆடாசிட்டி (ஒலிப்பதிவு, வெட்டு), ஆர்டர் (பல தட ஒலிப்பதிவு), ஹைட்ரஜன் (டிரம்), கார்லா (ஒலி ப்ளகின்களை இயக்க) நான்கும் மூன்றிலும் உண்டு. ஆனால் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தால் போதும், "அண்ணே, அது எங்கண்ணே இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேடிஈயில் 'மல்ட்டிமீடியா', சின்னமனில் 'சவுண்ட் அண்ட் வீடியோ', க்னோமில் மெனுவே இல்லை. மூன்றையும் ஒரே மாதிரி அடுக்க வழி உண்டா?

ஒத்தக்கடை_ராசா:
எதற்கு அடுக்கணும்? விண்டோஸ் விசையைத் தட்டி 'ஆடா' என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து அடித்தால் மூன்றிலும் வந்து நிற்கும். மெனுவைத் துழாவுகிற பழக்கத்தை க்னோம் 2011-லேயே விட்டாச்சு.

மாசிவீதி:
பெயர் தெரிந்தவனுக்குத்தான் தேடல், ராசா. டிரம் தட்டணும் என்று வருகிற பிள்ளைக்கு 'ஹைட்ரஜன்' என்று அடிக்கத் தோன்றுமா? நம்ம மதுரையில் நகை வேண்டுமென்றால் தெற்காவணி மூல வீதி, பலசரக்கு என்றால் கீழமாசி வீதி. கடைப்பெயர் தெரியாமலே போய் வாங்கிவிடலாம். மெனுவும் அப்படித்தான்.

ஒத்தக்கடை_ராசா:
அந்த வீதியில் இப்போது எள் போட்டால் எள் விழாது, அண்ணே. எல்எஸ்பி என்கிற ஒலி ப்ளகின் (துணைநிரல்) தொகுப்பைப் போட்டுப் பாருங்கள், டஜன் கணக்கில் ஐகான் வந்து மெனுவை அடைத்துக்கொள்ளும். அப்புறம் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. செயலியின் பெயர், ஐகான், கட்டளை எல்லாம் எழுதியிருக்கும் டெஸ்க்டாப் கோப்பில் 'கீவேர்ட்ஸ்' (தேடல் சொற்கள்) வரி உண்டு. அதில் 'டிரம்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்த்துவிட்டால் தேடலிலேயே வந்துவிடும்.

மாசிவீதி:
கோப்பைத் தொடுவது என்று ஆகிவிட்டால், அதே கோப்பில் 'கேட்டகரீஸ்' (வகைகள்) வரியும் இருக்கிறது. க்னோம், கேடிஈ, சின்னமன் மூன்றும், லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதி வகுக்கிற ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் ஒரே விதியைத்தான் படிக்கின்றன. ஆடியோவீடியோ முதன்மை வகை, அதோடு சேர்ந்தே வரவேண்டிய ஆடியோவும் முதன்மை வகைதான். அவற்றின் கீழே மிடி (மின்னிசைக் கருவிகள்), மிக்ஸர், சீக்வென்ஸர், ரெக்கார்டர் என்று உட்பிரிவுகள் உண்டு. செயலி எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதி வைக்கிறார்கள். டெஸ்க்டாப்புகள்தான் சினிமா பார்க்கிற பிளேயரையும் ஆர்டரையும் ஒரே கூடையில் கொட்டுகின்றன. ஒலி, ஒளி வேலைக்கென்றே வந்த லினக்ஸ் பதிப்பான உபுண்டு ஸ்டுடியோவில் ஆடியோ வேலைக்கென்றே தனித்தனி துணைமெனு உண்டு.

வைகைமணல், ஒன்று கவனம். கேடிஈயின் மெனு எடிட்டரில் இழுத்து அடுக்கினால் அது கேடிஈயோடு நின்றுவிடும். க்னோமில் செயலிப் பட்டியலின் கோப்புறைக்கு ஜிசெட்டிங்ஸ் (க்னோம் அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாக வகையையே கொடுக்கலாம். 'ஆடியோ' என்று கொடுத்தால், அந்த வகையில் நாளை புதிதாக நிறுவுவதும் தானாக உள்ளே போய்விடும்.

பரவை_தாமரை:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுகிற இடத்தில் என் வயிற்றெரிச்சலையும் சொல்கிறேன். போன மாதம் உசிலம்பட்டி பக்கம் ஒரு பாட்டியிடம் ஒப்பாரி பதியப் போயிருந்தோம். லேப்டாப்பில் ஆடாசிட்டி இரண்டு முறை நிறுவப்பட்டிருந்தது: ஒன்று லினக்ஸின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து, இன்னொன்று ஃபிளாட்பேக் (தனிப் பொதியாக வருவது). ஒரே ஐகான், ஒரே பெயர். யூஎஸ்பி மைக்கை நான் தேர்ந்தெடுத்து வைத்தது ஒன்றில், தம்பி திறந்தது மற்றதை. முக்கால் மணி நேரம் லேப்டாப் மைக்கிலேயே பதிவாகியிருக்கிறது. கேட்டால் பாட்டி குரலைவிட மின்விசிறி சத்தம் அதிகம். தேடினாலும் மெனுவில் பார்த்தாலும் இரண்டும் வந்திருக்கும். யார் வழி என்னைக் காப்பாற்றியிருக்கும்?

ஒத்தக்கடை_ராசா:
அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஃபிளாட்பேக் தன் அமைப்புகளை வீட்டு அடைவில் தனி இடத்தில் வைத்துக்கொள்ளும், அதனால்தான் ஒன்றில் செய்தது மற்றதில் தெரியவில்லை. ஒன்றை நீக்கிவிடுவதுதான் நல்லது. இரண்டும் வேண்டுமென்றால், களஞ்சியத்திலிருந்து வந்ததன் டெஸ்க்டாப் கோப்பை 'யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' அடைவிலிருந்து உங்கள் வீட்டு அடைவின் '.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' உள்ளே அதே பெயரில் நகலெடுத்து, 'நோடிஸ்ப்ளே' (காட்டாதே) வரிக்கு 'ட்ரூ' கொடுங்கள். மெனுவிலும் வராது, தேடலிலும் வராது.

ஆனால் மாசிவீதி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. இப்படி நகலெடுத்த கோப்பு அப்படியே உறைந்துவிடும். செயலி புதுப்பிக்கப்பட்டு உள்ளே கட்டளை மாறினாலும் உங்கள் நகல் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். இருபது செயலிக்கு வகை மாற்றி நகலெடுத்தால் இருபதையும் நீங்கள்தான் காவல் காக்கணும்.

மாசிவீதி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களிடம் இருப்பது இருபது இல்லை, நான்கு.

வைகைமணல்:
அதுவும் சரிதான். நான்கு கோப்பில் 'கீவேர்ட்ஸ்' வரியில் 'ஒலிப்பதிவு', 'வெட்டு', 'டிரம்' என்று சேர்த்து, பென்டிரைவில் போட்டு மூன்று லேப்டாப்புக்கும் நகலெடுக்கிறேன். க்னோமில் மட்டும் 'ஆடியோ' கோப்புறை. கேடிஈ லேப்டாப்பில் ஆடாசிட்டி இரண்டு இருக்கிறதா என்று இப்போதுதான் பார்த்தேன். இருக்கிறது, தாமரை அக்கா.