பயாஸ் டேப் வளைவில் ஒட்டவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை (அவசரம்)

மயில்கழுத்து | வியாழன், இரவு 9:40
ஸ்டெயின்ட் கிளாஸ் (வண்ணக் கண்ணாடி ஜன்னல்) மாதிரி என் முதல் குவில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது) செய்கிறேன், மயில் டிசைன். துண்டுகளை அடித்துணியில் வைத்தாகிவிட்டது, இப்போது மேலே கருப்பு பயாஸ் டேப் (துணி நாடா) ஒட்டுகிறேன். அயர்ன் செய்தால் ஒட்டும் டேப்தான், கால் அங்குல அகலம். நேர்கோட்டில் ஏதோ நிற்கிறது. வளைவில் பத்து நிமிடத்தில் எழுந்துகொள்கிறது. கழுத்துப் பக்கம் சுருக்கம் வேறு. ஞாயிறு நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். என்ன தவறு செய்கிறேன்?

நூல்கண்டு | 9:52
என்ன துணி? நீராவி விட்டுத் தேய்க்கிறீர்களா? டேப்பின் பின்னால் இருக்கும் காகிதத்தை உரித்தீர்களா? (சிரிக்காதீர்கள், முதல் தடவை நான் உரிக்காமலே கால் மணி நேரம் தேய்த்தேன்.) முடிந்தால் படம் போடுங்கள்.

ஊசிமுனை | 10:05
45 பாகையில் குறுக்கே வெட்டிய கிராஸ் பீஸ்தான் வளையும். நேர் இழையில் வெட்டிய நாடாவை வாங்கி வைத்துக்கொண்டு வளையவில்லை என்றால் அது நாடாவின் குற்றமில்லை. இதை இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது? பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. முதலில் நான்கு சதுரம் ஒழுங்காகத் தைத்துவிட்டு மயிலுக்கு வரலாம்.

மயில்கழுத்து | 10:11
கிராஸ்தான் சார், இழுத்தால் நீள்கிறது. காகிதமும் உரித்தாகிவிட்டது. நீராவி இல்லை.

கஞ்சித்தொட்டி | 10:20
புதுத்துணியா? துவைக்காமல் வெட்டினீர்களா? அப்படியானால் கஞ்சிதான் காரணம். துணிமேல் கஞ்சிப் பூச்சு இருந்தால் பசை இழைக்குள் இறங்காது. கருப்பு டேப்பையும் ஒரு துண்டு வெட்டி ஈர வெள்ளைத்துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் பிறகு அழ வேண்டியிருக்கும்.

பாபின் | 10:24
கஞ்சி அண்ணனுக்கு மிஷின் ஓடாவிட்டாலும் கஞ்சிதான் காரணம் :) ஆனால் சாயம் விஷயம் சரி.

நான் சொல்ல வந்தது வேறு. ட்வின் நீடில் (இரட்டை ஊசி) வாங்கிவிடுங்கள். டேப் 6 மி.மீ., ஊசி இடைவெளி 4 மி.மீ. இருந்தால் இரண்டு ஓரத்திலும் 1 மி.மீ. விட்டு ஒரே ஓட்டில் தைத்துவிடலாம். ஒட்டாவிட்டால் என்ன, தையல் பிடித்துக்கொள்ளும்.

நூல்கண்டு | 10:31
பாபின், அவரிடம் என்ன மிஷின் என்றே தெரியாதே. ஜிக்ஜாக் இல்லாத நேர்த்தையல் மிஷினில் ஊசி இறங்கும் தட்டின் துளை சின்னது. இரட்டை ஊசி இறங்கினால் தட்டில் இடித்து ஒடியும், கண்ணில் தெறித்தாலும் தெறிக்கும்.

மயில்கழுத்து | 10:38
அம்மாவுடைய கால் மிஷின்தான். கருப்பு, பழசு.

நூல்கண்டு | 10:39
நல்ல வேளை கேட்டேன். ஒற்றை ஊசியிலேயே ஓரத்துக்கு ஒரு ஓட்டு. துணி இன்னும் சொல்லவில்லையே?

வெளிச்சம்_77 | 10:46
ஒரு சந்தேகம். எல்லாரும் ஏன் கருப்பு டேப்பையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்? அசல் கண்ணாடி ஜன்னலில் இருப்பது ஈயக் கீற்று, அது சாம்பல் நிறம். பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால்தான் நமக்குக் கருப்பாகத் தெரிகிறது. குவில்ட்டைச் சுவரில் மாட்டுகிறோம், பின்னால் ஏது வெளிச்சம்? மயிலுக்கு அடர்பச்சையோ தாமிர நிறமோ வைத்தால் கண்ணை உறுத்தாது.

ஊசிமுனை | 10:55
வெளிச்சம் இல்லாததால்தான் கருப்பே வேண்டும். பக்கத்தில் கருப்பு இருந்தால்தான் நீலமும் பச்சையும் எடுப்பாகத் தெரியும். தெலங்கானாவில் மேதக் தேவாலயத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளிச்சம்_77 | 11:02
பார்த்திருக்கிறேன். பகலில் உள்ளே நின்று பார்த்தால் ஒளி. இருட்டிய பிறகு பார்த்தீர்களா? நான் சொல்வது அதைத்தான்.

கஞ்சித்தொட்டி | 11:06
ஈயம் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கிறது, நம் டேப் வெட்டிய ஓரத்தை மறைக்கிறது. இரண்டும் ஒன்றா? துண்டுகளுக்கு இடையில் 2 மி.மீ. சந்து விழுந்திருந்தாலும் டேப் மூடிவிடும். நிறம் அவரவர் இஷ்டம்.

மயில்கழுத்து | 11:15
மன்னிக்கவும், குழந்தையைத் தூங்க வைக்கப் போயிருந்தேன். துணி பட்டு. ரவிக்கைத் துணி மீதியானது எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அயர்னையும் சில்க்கில்தான் வைத்திருக்கிறேன், கருகிவிடுமே.

நூல்கண்டு | 11:19
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சில்க் சூட்டில் பசை சரியாக உருகவே இல்லை. நேர்கோட்டில் இழுவிசை இல்லாததால் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வளைவில் டேப் நிமிரப் பார்க்கும், அரைகுறைப் பசை விட்டுவிடுகிறது.

பழைய வெள்ளை வேட்டித் துண்டை மேலே போட்டு, சூட்டைக் காட்டன் அளவுக்கு ஏற்றுங்கள். முதலில் வேண்டாத பட்டுத் துண்டில் சோதனை. தண்ணீர் தெளிக்காதீர்கள், பட்டில் திட்டு விழும். ஜரிகை இருக்கும் இடத்தில் மிகவும் கவனம்: இப்போதைய ஜரிகையில் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், சூட்டில் சுருண்டுவிடும். அயர்ன் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும்வரை விரலால் நோண்டக் கூடாது.

சுருக்கத்துக்கு: கழுத்தின் உள்வளைவு ஓரத்தை இழுக்காமல் முதலில் படிய வைத்து ஒட்டுங்கள். வெளி ஓரம் கொஞ்சம் நீண்டுகொடுத்துத் தானாக உட்காரும். வெளி ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் மிச்சமெல்லாம் உள்ளே வந்து குவியும். தைக்கும்போதும் உள்ளோரம் முதலில், இரண்டு ஓட்டும் ஒரே திசையில். பசை தையல் விழும்வரைக்கும்தான். நாளைக்குத் தைக்கலாம் என்று சுருட்டி வைத்துவிடாதீர்கள்.

பாபின் | 11:27
ஒன்றை விட்டுவிட்டீர்கள். இன்னொரு டேப்பில் போய் முட்டி நிற்கும் டேப்பை முதலில் ஒட்ட வேண்டும். அதன்மேல் குறுக்கே ஓடுவது பிறகு. அப்போதுதான் வெட்டிய நுனி அடியில் மறையும். மயில் தோகையில் இது தலைவலி, காகிதத்தில் 1, 2, 3 எண் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை | 11:34
பட்டில் குவில்ட்! அதுவும் முதல் குவில்ட். சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கத்திரிக்கோல் | வெள்ளி, காலை 6:15
சார், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவீர்களா?

மயில்கழுத்து | வெள்ளி, மதியம் 1:50
ஒட்டிவிட்டது. ஒரு இடத்தில் ஜரிகை சுருண்டது, அதன்மேல் ஒரு இலை வைத்து மறைத்துவிட்டேன். தைக்கப் போகிறேன், நன்றி.

நூல்கண்டு | 1:58
முடித்ததும் படம்!

வெளிச்சம்_77 | திங்கள், காலை 8:30
படம் வந்ததா? கருப்பு அந்தப் பட்டின்மேல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊசிமுனை | திங்கள், 8:41
நன்றாகத்தான் இருக்கும். கருப்பு அல்லவா.