ஈயக்குண்டு வார்த்தால் தெறிக்கிறது, குழிகுழியாக வருகிறது. அவசர உதவி!

கட்லா_கிறுக்கன்
வணக்கம். மீன் தூண்டிலில் இரை மாவு பிடித்து வைக்கும் சுருள் கம்பிக்கு, அதாவது ஸ்பிரிங் ஃபீடருக்கு, அடியில் கோக்க ஈயக்குண்டு வீட்டிலேயே வார்க்கிறேன். ஊற்றியதும் சடசடவென்று பொங்கி வெளியே தெறிக்கிறது. ஆறியபின் பிரித்தால் குண்டு முழுக்கக் குழி, ஓரம் நிரம்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் அணைக்கு மீன் பிடிக்கப் போகிறோம், அதற்குள் வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை
அச்சு எதில் செய்தது? ஈயம் எங்கே வாங்கியது? எத்தனை கிராம் குண்டு?

பழைய_தக்கை
மாதம் ஒருவர் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். மேலே தேடல் பெட்டி இருக்கிறது தம்பி, அது அழகுக்கு வைத்ததில்லை. சூடு போதவில்லை, அவ்வளவுதான். ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகிய உடனே ஊற்றினால் அச்சுக்குள் இறங்குவதற்குள் உறைந்துவிடும். நன்றாகச் சிவக்கக் காய்ச்சி ஊற்று.

முட்டம்_தங்கூசி
அண்ணாச்சி, சிவக்கக் காய்ச்சச் சொல்லாதீர்கள். ஈயம் சிவக்க 500 டிகிரியைத் தாண்ட வேண்டும், அந்தச் சூட்டில் கிளம்பும் ஈயப் புகை நேராக நெஞ்சுக்குள் போகும். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் மோசம்.

சூடு குறைந்தால் குண்டில் சுருக்கம் விழும், தெறிக்காது. தெறிக்கிறது என்றால் எங்கோ ஈரம் இருக்கிறது. அச்சு என்ன பொருள் என்று அவர் இன்னும் சொல்லவில்லையே?

டயர்கடை_மணி
என் கணிப்பு வேறு. டயர் கடையில் கிடைக்கும் பேலன்ஸ் கட்டையை (சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் மாட்டும் எடை) உருக்கினீர்களா? அதில் இப்போது பாதி ஈயமே இல்லை. இரும்பு உண்டு, துத்தநாகம் உண்டு. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். அது கலந்துவிட்டால் ஈயம் கூழ் மாதிரி ஆகி அச்சின் ஓரத்துக்குப் போகாது. சூட்டை 400-க்குக் கீழே வைத்தால் இரும்பும் துத்தநாகமும் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எறியலாம்.

கட்லா_கிறுக்கன்
அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ரெண்டு நாள் வெயிலில் காய்ந்தது. ஈயம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பைப். குண்டு 40 கிராம். வீட்டில் பழைய யுபிஎஸ் பேட்டரி கிடக்கிறது, அதையும் உடைத்து உருக்கலாமா?

வைகைக்கரை
பேட்டரியைத் தொடாதீர்கள்! உள்ளே கந்தக அமிலம். தகட்டில் ஒட்டியிருக்கும் பசை உருகாது, வெறும் கசடாக நிற்கும். அந்தக் கசட்டில் ஈரம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசாவது வரும்.

முட்டம்_தங்கூசி
சரி, இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டர் தொட்டால்தான் உலர்ந்திருக்கும். உறைந்த பிளாஸ்டரின் எடையில் ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு உள்ளே பிணைந்திருக்கும் நீர். மேலே 350 டிகிரி ஈயம் விழுந்தால் அது நீராவியாகும். வெளியேற வழி இல்லாததால் ஈயத்தைத் தள்ளிக்கொண்டு வரும். உங்கள் குழிகள் எல்லாம் அந்த ஆவி போன தடம்.

அச்சை இரண்டாகப் பிரித்து, பழைய ஓவனில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்துச் சில மணி நேரம் காயவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் தணலுக்குப் பக்கத்தில். கண்ணாடித் துண்டை அச்சின் வாயில் பிடித்துப் பாருங்கள், ஆவி படிந்தால் இன்னும் காயவில்லை. ஊற்றும்போதும் அச்சு சூடாகவே இருக்கட்டும், ஓரம் நிரம்பாததற்கு அதுதான் மருந்து. குண்டின் மறுமுனையில் ஊசி அளவுக்குக் காற்றுப்போக்கி கீறுங்கள். உள்பக்கம் கற்பூரப் புகை காட்டினால் ஈயம் வழுக்கி ஓடும், குண்டும் சுலபமாகக் கழன்று வரும். நடுத்துளைக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி. அதற்கும் புகை காட்டுங்கள், இல்லாவிட்டால் குண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கால் சட்டை, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் மட்டும். அந்தச் சட்டியில் பிறகு எதையும் சமைக்காதீர்கள்.

டயர்கடை_மணி
பைப்பிலும் சாலிடர் (பற்றவைக்கும் ஈய-வெள்ளீயக் கலவை) ஒட்டு இருக்கும், கவனிக்கவும்.

முட்டம்_தங்கூசி
சாலிடர் 183 டிகிரியிலிருந்தே இளகும் மணி, அதனால் இங்கே ஒரு கெடுதலும் இல்லை.

ஆற்றுக்குருவி
எதற்கு இந்த ஈயமே? இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987 முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள குண்டுகளை விற்கத் தடை. நாம் இன்னும் ஈயக்குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் அமுக்கிக்கொண்டிருக்கிறோம். இரும்பு நட் கோத்தால் போகிறது. சிமெண்டில் வார்த்தாலும் ஆயிற்று.

பழைய_தக்கை
மேட்டூரில் அன்னப்பறவையா? சிமெண்ட் கட்டையை வீசிப் பார்த்திருக்கிறீர்களா சார்? தண்ணீரில் இறங்கியதும் பாதி எடைதான் நிற்கும்.

வைகைக்கரை
கணக்கை நானே போடுகிறேன். 100 கிராம் ஈயம் தண்ணீருக்குள் 91 கிராம் போல இழுக்கும். இரும்பு 87. கான்கிரீட் ஏறக்குறைய 58. ஆகவே சிமெண்ட் விஷயத்தில் தக்கை சொல்வது ஏறத்தாழ சரி, ஆனால் இரும்பு நட்டைக் குறை சொல்ல முடியாது. அளவு கொஞ்சம் பெரிதாகும், துருப்பிடிக்கும், அவ்வளவுதான். அறுந்து தண்ணீரோடு போகும் குண்டுக்கு அது போதாதா?

பழைய_தக்கை
நட் பாறை இடுக்கில் மாட்டும். முப்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறவனுக்குப் பாடம் வேண்டாம்.

ஆற்றுக்குருவி
மாட்டுவது வடிவத்தால் சார், உலோகத்தால் இல்லை. நாரையும் கொக்கும் உங்கள் அணையில் இல்லையா?

வைகைக்கரை
சண்டையை விடுங்கள், அவருக்கு ஞாயிறு வந்துவிடும். கிறுக்கன், உருக்காமலே ஒரு வழி இருக்கிறது. கோழிக்கூண்டு வலையைச் சுருட்டிக் கூடாகக் கட்டி, அடியில் ஈயத் தகட்டை மடித்துக் குறடால் அமுக்குங்கள். 2 மி.மீ. தடிமன், 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளம் என்றால் சுமார் 23 கிராம். இரண்டு துண்டு போட்டால் உங்கள் 40 தாண்டிவிடும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் கொஞ்சம் உதிரியாகப் பிசைந்தால் கூட்டிலிருந்து தானாகக் கரைந்து இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கை கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

கட்லா_கிறுக்கன்
அச்சைத் தணலில் காயவைத்தேன். தெறிக்கவில்லை, குழியும் இல்லை. ஒரு ஓரம் மட்டும் லேசாகச் சுருக்கம். நன்றி எல்லாருக்கும், கிளம்புகிறோம்.

முட்டம்_தங்கூசி
அந்தச் சுருக்கம் அச்சு ஆறிப்போனதால். அப்புறம், பிளாஸ்டர் சுட்டுச் சுட்டு உதிரும், நிறைய வார்க்கப் போகிறீர்கள் என்றால் அலுமினிய அச்சுக்கு மாறுங்கள். மாட்டியதா ஏதாவது?

பழைய_தக்கை
சூடுதான் காரணம் என்று நான் முதலிலேயே சொன்னேன்.