புதுப்பிப்பு: அடுத்த லீஃபுக்குக் காத்திருக்கலாமா?

அடுத்த நிஸான் லீஃப் மின்சாரக் காரில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல், சிசிஎஸ்2 சாக்கெட் (பொது அதிவேகச் சார்ஜர்களில் செருகும் வகை), ஏ பிரிவு சிஓஇ (கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழ்) ஆகிய மூன்றும் அமைந்தால் சிங்கப்பூரில் தயங்காமல் வாங்கலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். 2025 ஜூனில் அறிமுகமான மூன்றாம் தலைமுறையின் ஐரோப்பியப் பதிப்பில் முதல் இரண்டும் வந்துவிட்டன.

நம் வெயிலுக்குக் குளிரூட்டல்தான் பெரிய விஷயம். பழைய லீஃபின் பேட்டரிக்குக் காற்றைத் தவிர வேறு துணையில்லை. ஒருமுறை அதிவேகமாகச் சார்ஜ் செய்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். அன்றே மறுபடி செருகினால் பேட்டரியைக் காப்பாற்ற கார் தானே சார்ஜிங் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரவக் குளிரூட்டல் அந்தச் சூட்டை வெளியேற்றிவிடுகிறது. மனநிறைவு தரும் மாற்றம்.

மூன்றாவதில்தான் சிக்கல். மின்சாரக் கார்களுக்கு ஏ பிரிவின் மோட்டார் திறன் வரம்பு 110 கிலோவாட். 52 கிலோவாட்மணி பேட்டரி மாடலின் மோட்டாரே 130. திறனைக் குறைத்த பதிப்பு இங்கு வராவிட்டால் திறன் கூடிய கார்களுக்கான பி பிரிவுதான். முன்பணம் கட்டுமுன் எந்தப் பிரிவு என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: ஒற்றை ஃபேஸில் கார் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார் நிறுத்துமிடங்களில் ஒற்றை ஃபேஸ் 7.4 கிலோவாட் சார்ஜர்கள் நிறைய. 32 ஆம்பியர் என்றால் 52 கிலோவாட்மணி பேட்டரி 20-லிருந்து 80 விழுக்காடு ஏற நாலரை மணி நேரம் போதும். மூன்று ஃபேஸுக்கு 11 கிலோவாட் என்று போட்டிருந்தும் ஒற்றை ஃபேஸில் 16 ஆம்பியர் மட்டும் இழுக்கும் கார்கள் உண்டு. அதில் ஒன்பது மணி நேரம் ஆகும்.